சாவடியும் வீடும்

போரூரைக் கடந்து பூவிருந்தவல்லிப் பெருஞ்சாலையில் மேற்கே செல்வார், மாங்காட்டிற்கு வழி பிரியுமிடத்தில் எம்மூராகிய குமணன்சாவடியைக் காண்பர். இன்று அங்கே கண்ணிற் படுவன மெட்ரோ இரயிலுக்கென நிறுத்திய தூண்களும், தண்ணீர் லாரிகளும், பிரியாணிக் கடைகளுமேயாம். ஆயினும் ஊர்ப்பெயர் பழையதொன்றைச் சொல்லிக்கொண்டு நிற்கின்றது. சாவடியென்பது யாது? வழிச்செல்வோர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி, ஓரிரவு தங்கி, விடியலில் எழுந்து போதற்குரிய இடம். எமக்கு மேற்கே அடுத்திருப்பதும் கரையான்சாவடியே. சாவடியில் தங்கினானை, 'நீ யார், எவ்வூரான், எத்தனை நாள் இருப்பாய்?' என்று ஒருவரும் கடுகடுத்து வினவார். ஆனால் அவன் அங்கே அடுப்பு மூட்டிக் குடியிருக்கத் தொடங்கினால் வினவாமலும் இரார். தங்குதல் வேறு, வாழ்தல் வேறு. இவ்விரண்டிற்கும் இடையே பல்லாண்டு நிற்க நேர்ந்தார் உள்ளம் எத்தகையது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் ஈண்டு எழுதப் புகுந்தேன்.

தமிழ் பயிலும் மாணவன் எவனும் எம்மூர்ப் பெயரைக் கேட்டவுடன் முதிரமலைக்குரிய குமணனை நினையாதிரான். தம்பி நாட்டைக் கைக்கொள்ள, அவ்வள்ளல் காட்டிலே உறைந்தனன். அங்கும் அவனை நாடிச் சென்றார் பெருந்தலைச்சாத்தனார். ஈதற்கு வேறொன்றும் இன்மையின், தன் தலையைக் கொண்டுபோய்ப் பொருள் பெறுகவென்று வாளை அவர் கையிற் கொடுத்தான் என்பது புறநானூற்றால் அறியும் செய்தி. நாடிழந்த அவனுக்கு வாழ்வதற்கு ஒரு காடேனும் இருந்தது. அக்காட்டில் இருப்பதற்கு அவன் எவ்வதிகாரிக்கும் விண்ணப்பம் எழுதினானல்லன். இக்காலத்தில் நாடிழந்தார்க்கு அவ்வெளிமை இல்லை.

வேற்று நாட்டிற் புகுந்தானுக்கு இக்காலச் சட்டங்கள் மூன்று படிகளை வகுத்துள்ளன. முதலாவது, குறித்த காலம் தங்குதற்கான இசைவு. விசா என்று யாவரும் வழங்குவது அதுவே. இரண்டாவது, நிரந்தர வதிவுரிமை. இதைப் பெற்றவன் அந்நாட்டில் வாழலாம், தொழில் செய்யலாம், வெளியே சென்று மீளலாம். வாக்களித்தல் மட்டும் இயலாது. மூன்றாவது குடியுரிமை. கனடாவில் இரண்டாம் படியை எய்தினவன், ஐந்தாண்டிற்குள் 1,095 நாள் அங்கே வாழ்ந்திருப்பின் மூன்றாம் படிக்கு விண்ணப்பிக்கலாம். நம் இந்திய நாடோ, அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டின் உலக உடன்படிக்கையிற் கையொப்பமிட்டதன்று. ஆதலின் இங்கே அடைக்கலம் புகுந்தார்க்கு முதற்படியும் உறுதியாயில்லை. மற்றைப் படிகளை அவர் அண்ணாந்து பார்க்கின்றனர்.

எங்கள் தெருவில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு மூதாட்டியின் பேரன் என்னோடு சிறுவயது முதற் பழகினவன். அவன் அவரை 'அப்பாயி' என அழைத்தலின் யானும் அங்ஙனமே அழைப்பேன். திருச்சிராப்பள்ளிச் சீமையில் தந்தையைப் பெற்றவளுக்கு வழங்கும் பெயர் அது. இலங்கையினின்று வந்தவர் வாயில் திருச்சிப் பேச்சு எவ்வாறு வந்தது என்று சிறுவனாயிருந்தபோது எனக்கு வியப்பாயிருந்தது. அதற்கு விடை நூறாண்டுக் கதையாகும்.

அப்பாயியின் தந்தை முசிறி தாலுக்காவிற் பிறந்தவர். எட்டு வயதிற் கங்காணி ஒருவனோடு பெற்றோர் புறப்பட, மண்டபம் முகாம் வழியாகக் கண்டிச்சீமைக்குச் சென்றார். தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்து, மணந்து, மக்களைப் பெற்றார். 1948இல் இலங்கை தன்னாட்சி பெற்ற அவ்வாண்டே அங்குக் குடியுரிமைச் சட்டம் ஒன்று பிறந்தது. பிறப்பால் உரிமை வேண்டுவான், தன் தந்தையேனும், அல்லாவிடிற் பாட்டனும் பூட்டனுமேனும் அத்தீவிற் பிறந்தவர் என்று காட்டல்வேண்டும் என்றது அச்சட்டம். பிறப்புப் பதிவே ஒழுங்காயிராத தோட்டங்களில் பூட்டன் பிறந்த கதையை யார் காட்டுவார்? மறு ஆண்டு, இந்திய பாகிஸ்தானிய வதிவோர்க்கெனத் தனியே ஒரு சட்டம் வந்தது. 1946 ஜனவரி முதல் நாளுக்கு முன்னர், மணமானவர் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாது இலங்கையில் வாழ்ந்திருத்தல் வேண்டுமென்பது அதன் விதி. ஒரே முறையில் பன்னிரண்டு மாதத்திற்கு மேல் வெளியே சென்றிருப்பின் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்பட்டது.

இவ்விதியைப் படிப்பவர்க்கு அஃது எளிதாகவே தோன்றும். அதன் கீழ் நின்றவர்க்கு எங்ஙனம் இருந்ததென்று அப்பாயியைக் கேட்டே அறிந்தேன். தந்தையின் தந்தை ஊர் திரும்பி, முசிறியிற் படுத்த படுக்கையாயிருந்தபோது, மகன் சென்று பணிவிடை செய்து, இறுதிக்கடன் முடித்து, நிலத்தின்மேல் இருந்த சிறு வழக்கையும் தீர்த்து மீளப் பதினான்கு மாதம் ஆயிற்றாம். விசாரணையில் அதனை அவர் ஒளியாது கூறினார். பெற்றவனுக்குக் கொள்ளிவைத்ததை மறைக்கவேண்டுமென்று அவருக்குத் தோன்றவேயில்லை. விண்ணப்பம் தள்ளப்பட்டது. "ரெண்டு மாசம் முந்தித் தாத்தா செத்திருந்தா நாங்க சிலோன்காரங்க, தம்பி" என்று அப்பாயி சிரித்துக்கொண்டே சொன்னார். அச்சிரிப்பு எனக்குப் பல நாள் மறக்கவில்லை. அச்சட்டத்தின்படி விண்ணப்பித்தோர் எட்டு இலட்சத்து இருபதினாயிரவர்க்கு மேற்பட்டோர். உரிமை பெற்றவர் ஏறத்தாழ ஒரு இலட்சத்து முப்பத்துநாலாயிரவரே.

வதிவுரிமை தேடுவோர் படும் துன்பங்களுள் முதன்மையானதாக யான் கருதுவது இதுவே. வாழ்ந்த வாழ்வு வேறு. தாளிற் காட்டக்கூடிய வாழ்வு வேறு. இருபதாண்டு மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்தது உண்மை. ஆனால் அதற்குச் சீட்டு இல்லை. பதினான்கு மாதம் வெளியே இருந்ததற்கோ சீட்டு உண்டு. தன் வாழ்க்கையை அயலான் ஒருவன் மேசையின்மேல் விரித்துவைத்து, 'ஈதெல்லாம் மெய்யே' என்று மன்றாடுங்கால், மெய் பேசுவானும் பொய்யன்போல நடுங்குகின்றான். பிறந்த தேதியைப் பிழைபடச் சொல்லிவிடுவேனோ, கையெழுத்து முன்போல் விழாதோ என்னும் அச்சம் அவனைத் தின்கின்றது. நாம் தேர்வு மண்டபத்தில் மூன்று மணிநேரம் இதனைச் சிறிதளவு உணர்வோம். அவர்களுக்கு மண்டபத்தின் கதவு திறப்பதேயில்லை.

பின்பு 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியாரும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றவராயிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது. 3,00,000 பேரை இலங்கை ஏற்பது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசுவது. 1974இல் அவ்வெஞ்சியோரையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். மக்களை எண்ணினரேயன்றி அவருள் எவரையும் கேட்டனர் என்பதற்கில்லை. ஒரே லயத்தில் அண்ணன் இந்தியனாகவும் தம்பி இலங்கையனாகவும் ஆயினர். தலைமன்னாருக்குச் செல்லும் கோச்சி புறப்படும் மலைநாட்டு நிலையங்களில் எழுந்த அழுகையைப் பற்றி அப்பாயி சொன்னவற்றை யான் எழுதப்புகின் இக்கட்டுரை நீளும். அவர் தந்தையோ, இந்தியாவிற்கென்றும் விண்ணப்பியாமல், இலங்கைக்கென்றும் விண்ணப்பியாமல், ஒருமுறை தள்ளுண்டதே போதுமென்று இருந்து இறந்தார். மானமுடையார் சிலர் இவ்வாறு செய்கின்றனர். அதன் பயனை மக்கள் அனுபவிக்கின்றனர்.

1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டினின்று ஓடி வவுனியாப் பக்கம் குடியேறிய பல குடும்பங்களுள் அப்பாயியின் குடும்பமும் ஒன்று. அங்கும் போர் வந்தது. 1990இல் கணவரையும் பதினைந்து வயது மகனையும் அழைத்துக்கொண்டு தோணியேறி இராமேசுவரத்தில் இறங்கினார். தந்தை எட்டு வயதிற் கடந்த அதே மண்டபம் முகாமில் மகளுக்குப் பதிவு நடந்தது. 1983 ஜூலை முதல் இங்ஙனம் தமிழ்நாட்டிற் கரையேறினார் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர். அவருட் பலர் பின்னர்த் திரும்பிச் சென்றனர். முகாமில் வாழ்வோர் போக, காவல் நிலையத்திற் பதிந்துகொண்டு வெளியே வாடகை வீடுகளில் வாழ்வோரும் உளர். அப்பாயியின் குடும்பம் அவ்வகையது.

அங்கிருந்தபோது அவரை 'இந்தியாக்காரி' என்றனர். கொடியோர் 'கள்ளத்தோணி' என்றனர். இங்கே அவர் 'சிலோன்காரி'. நம் விவிலியத் தமிழில் அயல்நாட்டானைப் பரதேசி என்று கூறும் மரபுண்டு. அச்சொல் அங்கே இழிவுடையதன்று, இரக்கத்திற்குரியது. தெருவிலோ அதுவே வசைமொழியாயிற்று. சொற்கள் இழிவதற்கும் நம் மனம் இழிவதற்கும் தொடர்புண்டு போலும்.

இனி, அவர் இங்கே வாழும் வாழ்க்கையிற் சிலவற்றைக் குறிக்கின்றேன். அவர் வீட்டு வாயிலிற் கறிவேப்பிலையும் துளசியும் மல்லிகையும் செழித்திருக்கும். யாவும் பெயிண்டு வாளிகளில். நிலத்தில் ஊன்றுவதற்கு வீட்டுக்காரர் தடைசொல்லவில்லை. "வாளியில இருந்தாத் தூக்கிட்டுப் போயிரலாம்ல" என்பது அவர் கூறும் காரணம். முப்பத்தைந்து ஆண்டு ஓரிடத்தில் வாழ்ந்தும், தூக்கிச் செல்லக்கூடியதையே வளர்க்கும் மனம் அது. 2015 டிசம்பர்ப் பெருமழையில் எங்கள் தெருவில் முழங்காலளவு நீர் புகுந்தபோது யான் ஒன்பது வயதினன். ஒவ்வொரு வீட்டாரும் ஒவ்வொன்றைத் தூக்கி மேலே வைத்தனர். எம் வீட்டில் முதலில் ஏறியது தொலைக்காட்சிப் பெட்டி. அப்பாயி வீட்டில் முதலில் ஏறியது ஒரு பிஸ்கட்டுத் தகரப்பெட்டி. தையல் இயந்திரமும் அரிசியும் அதன் பின்னரே. அத்தகரத்தில் இருந்தவை மண்டபத்துப் பதிவுச் சீட்டு, காவல் நிலையத்துத் தாள்கள், தந்தையின் விண்ணப்பம் தள்ளப்பட்ட பழங்கடிதம் ஆகியன. தனக்கு உதவாத கடிதத்தை ஏன் காக்கிறார் என்று பின்னொருநாள் வினவினேன். "இல்லைன்னு சொன்னதுக்காவது ஒரு காயிதம் வேணும்ல" என்றார்.

மற்றொன்று, நன்றி. இதை நான் வெகுநாள் நற்குணமாகவே கருதியிருந்தேன். தெருக்குழாயில் முறைதவறி நீர் பிடிப்பவரோடு எம் அன்னையார் வாதிடுவார். அப்பாயி வாய் திறவார். வாடகை உயர்ந்தபோதும் வாய் திறவார். 'இந்த ஊர் எங்களை வெச்சிருக்கே' என்பதே அவர் மறுமொழி. உரிமையுடையவன் நன்றி கூறுதல் அழகு. உரிமையில்லாதவனுக்கோ அது நாள்தோறும் செலுத்தவேண்டிய வரி. குறை கூறும் உரிமையும் குடியுரிமையின் ஒரு கூறே என்பதை அவரைக் கண்டே அறிந்தேன்.

அவர் பேரன் இங்கேயே 2006இற் பிறந்தவன். தமிழன்றி வேறு மொழியறியான். இலங்கையைப் படத்திற் கண்டவன். நம் சட்டப்படி அவன் யார்? இந்திய மண்ணில் 1987 ஜூலை முதல் நாளுக்கு முன் பிறந்தார் பிறப்பாலேயே குடிமக்கள். அதன் பின் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாதல் வேண்டுமென்றாயிற்று. 2004 டிசம்பர் 3ஆம் நாள் முதலோ, மற்றொருவர் சட்டத்திற்கு மாறாகக் குடிபுகுந்தவராகவும் இருத்தல் கூடாதென்றாயிற்று. தோணியில் வந்தார் யாவரும் கடவுச்சீட்டின்றி வந்தவராதலின், அச்சட்டத்தின் கண்ணில் மாறாகக் குடிபுகுந்தவரே. குண்டுக்கு அஞ்சி ஓடுவான் கடவுச்சீட்டு அலுவலகத்தில் வரிசையில் நின்றுவிட்டு ஓடவேண்டும் போலும்! தேர்வாணையத்தின் அறிவிப்புக் கல்லூரிப் பலகையில் ஒட்டப்படும் நாளில், நாங்கள் முண்டியடித்துப் படிப்போம். அவன் நூலகத்திற்குச் சென்றுவிடுவான். ஒருமுறையும் அவன் அதுபற்றிப் பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

தந்தை இந்தியாவிற் பிறந்தவராதலின், இந்திய வமிசத்தார் என்னும் முறையில் அப்பாயி ஏழாண்டு வாழ்ந்தபின் பதிவால் உரிமை பெறத் தக்கவரே. 'மாறாகக் குடிபுகுந்தவர்' என்ற ஒரு சொல்லே வாயிலில் நிற்கின்றது. இத்தகைய மலைநாட்டு வமிசத்தார் 65 பேர் தொடுத்த வழக்கில், 2019 ஜூனில் உயர்நீதிமன்றத்து மதுரைக் கிளை, அவர்தம் விண்ணப்பங்களை ஏற்று முடிவு செய்யுமாறு பணித்தது. அவ்வாண்டின் இறுதியில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டமோ ஆப்கானிஸ்தானம், வங்கதேசம், பாகிஸ்தானம் மூன்றையே குறித்தது, இலங்கையைக் குறிக்கவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டரசு அகதி முகாம் என்னும் பெயரை மாற்றி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்றதுடன், 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டவும் முற்பட்டது. வீடு கட்டித் தருதல் மாநிலத்தின் கையில் உண்டு. அவ்வீட்டில் வாழும் உரிமை நடுவணரசின் கையில் உள்ளது. 1986இல் மண்டபத்திற் பிறந்த ஒரு பெண்மணி, தம் பிறந்த ஆண்டின் துணையால் நீதிமன்றம் வழியே கடவுச்சீட்டுப் பெற்று, 2024 ஏப்ரல் 19ஆம் நாள் திருச்சியில் வாக்களித்தார். அன்று அப்பாயி அச்செய்தியை என்னை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். 2025 மே மாதம், தண்டனை முடிந்த இலங்கைத் தமிழர் ஒருவர் இங்கேயே இருக்க வேண்டிய வழக்கில், இந்தியா எல்லாரையும் ஏற்கும் தருமசாலையன்று என்று உச்சநீதிமன்றத்திற் கூறப்பட்டது. அவ்வழக்கின் தன்மை வேறு. அதனை யான் மறுக்கவில்லை. ஆனால் அப்பாயி கேட்டது அச்சொல்லை மட்டுமே. அவர் சத்திரம் வேண்டினாரல்லர். சத்திரத்தினின்று வெளியேறி வீடு செல்லவே வேண்டினார்.

எங்கள் தெருவின் மறுகோடியில் இருக்கும் ஒரு வீட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். அவ்வீட்டு மகன் அமெரிக்காவிற் கணிப்பொறித் தொழிலில் இருக்கின்றார். அங்கே தொழில் வழியாக ஆண்டொன்றுக்கு வழங்கும் கிரீன் கார்டுகள் ஏறத்தாழ 1,40,000. எந்நாட்டார்க்கும் நூற்றுக்கு ஏழுக்கு மேல் இல்லையென்பது விதியாதலின், மிகப் பலராயுள்ள இந்தியர் பல்லாண்டு காத்திருக்கின்றனர். மாதந்தோறும் அந்நாட்டார் வெளியிடும் தேதிப் பட்டியலை அவ்வீட்டார் பஞ்சாங்கம்போற் படிப்பர். தேதி முன்னேறினால் அன்று பாயசம். சில மாதம் அது பின்னோக்கியும் செல்லும். பிள்ளைக்கு இருபத்தொரு வயது நிரம்பிவிடின் பெற்றோரின் விண்ணப்பத்தினின்று அவன் விலகிவிடுவானே என்ற கவலை வேறு. தந்தையார் நோயுற்றபோது, வெளியே சென்றால் மீள விடுவரோ என்றஞ்சி மகன் வரவில்லை. தெருவே அவருக்காக இரங்கியது, யானும் இரங்கினேன். அவ்விரக்கம் தவறன்று. ஆனால் முசிறிக்குச் சென்று பதினான்கு மாதத்தில் அனைத்தையும் இழந்தவரின் மகள் அதே தெருவில் இருக்கின்றார் என்பது எவர்க்கும் நினைவில் வரவில்லை. அப்பாயியோ அவ்வீட்டு அம்மையாரிடம் சென்று, மாதந்தோறும் தேதி விசாரிப்பார். பட்டியல் என்றால் என்னவென்று அத்தெருவில் நன்கறிந்தவர் அவர் ஒருவரே.

அப்பாயியின் தம்பி 1990இல் வேறுவழியாகக் கனடா சேர்ந்தார். சில ஆண்டிற்குள் வதிவுரிமையும், பின்னர்க் குடியுரிமையும் பெற்றார். டொராண்டோவிலிருந்து அவர் கடவுச்சீட்டோடு விருந்தினராக இங்கே வந்து, அக்காள் வீட்டில் பத்துநாள் தங்கிச் சென்றார். முசிறிக்குப் போய்ப் பாட்டனார் வீடிருந்த இடத்தைக் கண்டுவந்தார். "மாமா வெள்ளைக்காரன் நாட்டுல உள்ளூர்க்காரர், அப்பாயி உள்ளூர்ல வெளிநாட்டுக்காரி" என்று பேரன் சொன்னபோது யாவரும் நகைத்தனர். அவன் வருத்தத்தை வெளியிட்டு நான் கேட்டது அஃதொன்றே.

2025 செப்டம்பரில் நடுவணரசு ஓர் ஆணை பிறப்பித்தது. 2015 ஜனவரி 9ஆம் நாளுக்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்க்கு, கடவுச்சீட்டும் விசாவும் இன்றியிருத்தற்கான தண்டனையினின்று விலக்களிப்பது அது. குடியுரிமையை அது தரவில்லை. ஆயினும் மகன், மீண்டும் ஒருமுறை விண்ணப்பிக்கலாமென்று தாயை வற்புறுத்தினார். அப்பாயி நெடுநேரம் தகரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்து, பின்னர் இசைந்தார்.

என் கையெழுத்து நன்றாயிருக்குமென்று விண்ணப்பத்தின் படியை எழுதுமாறு என்னை அழைத்தனர். பெயர், தந்தை பெயர், தந்தை பிறந்த ஊர், வந்த நாள் என ஒவ்வொன்றாக அவர் கூற யான் எழுதிக்கொண்டு வந்தேன். நிலையான முகவரி என்னும் இடம் வந்தது. கதவிலக்கமும் தெருவும் எழுதிக் குமணன்சாவடி என்று முடித்தேன். அப்பாயி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதனைச் சிறிதுநேரம் நோக்கினார்.

"அப்பிடி எழுதலாமா தம்பி?" என்றார்.